கோச், முதலில் பின்வரிசையைக் கவனியுங்கள்

அன்புள்ள ஆர்னே ஸ்லாட் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஆன்ஃபீல்டில் போர்ன்மத்துடன் புது சீசன் தொடங்குகிறது. இன்னும் இரண்டே நாள். பிரீமியர் லீக் சாம்பியன் அணியின் பயிற்சியாளருக்கு யோசனை சொல்ல நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. லிவர்பூல் ரசிகன், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெம்ப்ளியில் நடந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

கிறிஸ்டல் பேலஸிடம் கம்யூனிட்டி ஷீல்டைப் பெனால்டியில் பறிகொடுத்ததற்காக யாரும் அழப்போவதில்லை. அது சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டம்தான். முன்வரிசையில் பார்க்க நிறைய நல்லதும் இருந்தது. நான்காவது நிமிடத்திலேயே புது ஆட்டக்காரர்கள் விர்ட்ஸும் எக்கிடிகேவும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, எக்கிடிகே அடித்த கோல் அருமை. ஃப்ரிம்பாங் கிராஸ் போட்டாரா, கோலைப் பார்த்துத்தான் அடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். எப்படியோ பந்து உள்ளே போனது. இரண்டு முறை முன்னிலை பெற்றோம், இரண்டு முறையும் அதைக் காப்பாற்றத் தெரியவில்லை. முதல் முறை நம் கேப்டன் வான் டைக்கே பேலஸின் இஸ்மாயிலா சர்ரைத் தட்டிவிட்டு பெனால்டி கொடுத்தார். இரண்டாவது, 77-வது நிமிடம். வார்ட்டன் நடுவிலிருந்து ஒரே ஒரு பாஸ் கொடுத்தார். நம் பின்வரிசை மொத்தமும் அந்தப் பாஸைத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருக்க, சர் ஓடிப்போய் அடித்துவிட்டார். ஹாங்காங்கில் ஏசி மிலான் நம் மேல் நாலு கோல் போட்டபோதும் இதே கதைதான். நட்பு ஆட்டம், கால் இன்னும் பழகவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

அன்று பேலஸ் சார்பில் கேடயத்தைத் தூக்கியவர் மார்க் குஏஹி. நாம் வாங்கப் போகிறோம் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் அதே சென்டர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர். நமக்கு வேண்டிய ஆள் நம் கண்ணெதிரே நம்மைத் தோற்கடித்துவிட்டுக் கோப்பையோடு நிற்கிறார். இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

இன்று உங்கள் கையில் முழுநேர சென்டர் பேக்குகள் எத்தனை பேர்? வான் டைக், கோனாட்டே, ஜோ கோமஸ். குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றாகிவிட்டது. வான் டைக்குக்குப் போன மாதம் 34 வயது முடிந்தது. கோனாட்டேவின் ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோமஸ் நல்ல ஆட்டக்காரர், விசுவாசி, ஆனால் ஒரு சீசனை முழுதாகக் காயமில்லாமல் அவர் கடப்பார் என்று நம்பித் திட்டம் போட முடியாது. பார்மாவிலிருந்து 18 வயது லியோனி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், சந்தோஷம். ஆனால் 18 வயதுப் பையன் நாளைக்கான ஆள். இந்த டிசம்பரில் கோனாட்டேவுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டால் யார் நிற்பது?

நான் வெறுமனே பயமுறுத்தவில்லை. இந்தப் படத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நீங்கள் அப்போது நெதர்லாந்தில் அல்க்மார் அணியோடு இருந்தீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 2020-ல் முப்பது வருடம் காத்திருந்து லீக் பட்டம் வென்றோம். வென்ற கையோடு லோவ்ரெனை ஜெனித்துக்கு விற்றார்கள். அவருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. வான் டைக், கோமஸ், மாத்திப் என்று மூன்று பேர் இருக்கிறார்களே, போதாதா என்ற கணக்கு. அக்டோபர் 17 அன்று எவர்டன் மைதானத்தில் பிக்ஃபோர்ட் வந்து மோதியதில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் கோமஸின் முழங்கால். ஜனவரி முடிவதற்குள் மாத்திப்பும் படுத்துவிட்டார். நடுக்களத்திலிருந்து ஃபபீனியோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்தார் அன்றைய பயிற்சியாளர் கிளாப். அப்புறம் என்ன, பின்வரிசையும் சரியாகவில்லை, நடுக்களமும் காலியானது. 68 லீக் ஆட்டங்களாக ஆன்ஃபீல்டில் தோற்காத அணி, அங்கேயே வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது. டிரான்ஸ்ஃபர் கெடு முடியும் நாளில் அவசர அவசரமாக இரண்டு பேரைப் பிடித்தார்கள். அதில் பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டியில்கூடக் களமிறங்காமலே வெளியேறினார். கடைசியில் நாட் ஃபிலிப்ஸ், ரிஸ் வில்லியம்ஸ் என்ற இரண்டு இளைஞர்களும், வெஸ்ட் பிராம்விச்சில் 95-வது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் அடித்த கோல்கீப்பர் அலிசனும் சேர்ந்துதான் எங்களை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சாம்பியன் அணி, விற்கப்பட்ட நான்காவது சென்டர் பேக், மீதி மூன்று பேர். அன்றும் இன்றும் கணக்கு ஒன்றுதான்.

இதில் இன்னொரு சிக்கல், பக்கவாட்டில். டிரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ரியல் மாட்ரிட் போனதை ரசிகர்கள் மனசு விட்டுப் பேசி முடித்தாகிவிட்டது, நான் அதைக் கிளறப் போவதில்லை. அவர் தடுப்பாட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தன் பாதியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சலாவின் காலில் பந்தைக் கொண்டுபோய் வைக்கும் அந்த நாற்பது மீட்டர் பாஸ் இனி வராது. ஃப்ரிம்பாங் வேறு வகை ஆட்டக்காரர். மின்னல் வேகம், பந்தோடு ஓடுவார். லெவர்குசனில் அவர் பறந்தாரென்றால், அவருக்குப் பின்னால் மூன்று சென்டர் பேக்குகள் நின்றார்கள். இங்கே இரண்டுதான். இடப்பக்கம் கெர்கெஸும் மேலே ஏறி ஆடப் பிறந்தவர். இருவரும் ஒரே சமயத்தில் மேலே போனால் அந்தப் பரந்த வெளியில் 34 வயது வான் டைக்கும் கோனாட்டேவும் மட்டும் மிஞ்சுவார்கள். வெள்ளிக்கிழமை எதிரே வருவது பயிற்சியாளர் இரவோலாவின் போர்ன்மத் அணி. பந்தைப் பறித்த அடுத்த நொடி ஓடத் தொடங்கும் கூட்டம். அவர்களுடைய செமென்யோ எந்தப் பக்கம் நிற்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாட்டில் தடுக்கும் ஃபுல் பேக்குகளில் ஒருவர் ஏறினால் மற்றவர் நிற்க வேண்டும். என் ஆசை, தொடக்கத்தில் சில வாரங்களுக்காவது இடப்பக்கம் ராபர்ட்சனை வைத்து ஆடலாம் என்பது. கெர்கெஸை 4 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கிவிட்டு பெஞ்சில் உட்கார வைப்பதா என்று மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நடுக்களத்துக்கு வருகிறேன். விர்ட்ஸ் பெரிய திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 10 கோடி பவுண்ட், அதற்குமேல் நிபந்தனைத் தொகை 1.6 கோடி. அந்தப் பணத்துக்கு அவர் ஆடுவார். ஆனால் போன சீசன் பட்டத்தை எதை வைத்து வென்றோம் என்று நீங்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எல்லோரும் சலாவின் 29 கோல், 18 அசிஸ்ட் என்பார்கள். உண்மைதான், இரண்டையும் சேர்த்தால் 38 ஆட்ட சீசனில் யாரும் தொடாத உயரம். சலா அப்படி மேலேயே நின்று பந்துக்காகக் காத்திருக்க முடிந்தது எதனால்? அவர் ஓட வேண்டிய ஓட்டத்தையும் சேர்த்து சோபோஸ்லாய் ஓடினார். எதிரணி இடப்பக்கமாக ஏறும்போதெல்லாம் அவர்தான் மூச்சு வாங்க வந்து அடைத்தார். மறுபக்கம் லூயிஸ் டியாஸ் பின்னால் வரை வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போவார். இப்போது டியாஸ் பேயர்னில். சோபோஸ்லாய் நின்ற இடத்தில் விர்ட்ஸ். சலாவை ஓடச் சொல்ல முடியாது, 33 வயதில் அவர் காலில் இருக்கும் கோல்களைத் தற்காப்பில் வீணாக்கக் கூடாது. அப்படியென்றால் ஓடப்போவது யார்? விர்ட்ஸ் சோம்பேறி இல்லை, எதிராளியை விரட்டுவார். ஆனால் விரட்டுவது வேறு, விட்ட இடத்தைத் திரும்ப ஓடிவந்து அடைப்பது வேறு.

போதாக்குறைக்கு, பின்வரிசைக்கு முன்னால் நின்று காக்கும் கிராவென்பெர்க் முதல் ஆட்டத்தில் இல்லை. மே மாதம் கடைசி ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டையின் தண்டனை. போன வருடம் சுபிமெண்டி வர மறுத்தபோது நாங்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். நீங்கள் கிராவென்பெர்க்கை அந்த இடத்தில் நிறுத்தி எங்கள் வாயை அடைத்தீர்கள். அதனால்தான் இந்த விஷயத்திலும் உங்களிடம் ஏதோ வைத்தியம் இருக்கும் என்று பாதி மனசு நம்புகிறது. மீதிப் பாதி கடிதம் எழுதுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் வென்ற மகிழ்ச்சியில் அதை யாரும் பேசவில்லை. முதல் 29 ஆட்டங்களில் 70 புள்ளி. கடைசி 9 ஆட்டங்களில் 14. அதே 9 ஆட்டங்களில் சலாவுக்கு இரண்டே கோல். ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று பட்டத்தை உறுதி செய்த பிறகு நாலு ஆட்டம் கொண்டாட்ட மயக்கத்தில் போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் அணியிடம் பெனால்டியில் வெளியேறியதும், நியூகாசிலிடம் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தோற்றதும் அதற்கு முன்பே, மார்ச்சில். கால்கள் அப்போதே களைத்திருந்தன. இந்த வருடம் டிசம்பர் 21-ல் மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்குகிறது. சலா எகிப்துக்காகப் போய்விடுவார். எகிப்து இறுதிவரை போனால் ஜனவரி 18 வரை அவர் நமக்கு இல்லை. டிசம்பருக்கு முன்பே அவருக்கு ஓய்வு கொடுத்துப் பழக்குங்கள். அவர் முறைப்பார். சமாளிப்பது உங்கள் பாடு.

ஜூலையில் கார் விபத்தில் நம்மை விட்டுப்போன ஜோட்டாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு நாள், 28 வயது, கூடவே தம்பி ஆந்த்ரே சில்வா. கோண்டோமாரில் நடந்த இறுதிச் சடங்குக்கு வான் டைக் 20 என்ற எண் போட்ட மலர்வளையத்தையும், ராபர்ட்சன் தம்பியின் 30 என்ற எண் போட்டதையும் கையில் ஏந்தி நடந்து வந்தார்கள். அவர்கள்தான் வெள்ளிக்கிழமை களத்தில் நிற்கப் போகிறவர்கள். வெம்ப்ளியில் மௌன அஞ்சலியை முழுதாக முடிக்கவிடாமல் சிலர் கூச்சல் போட்டார்கள், நடுவர் பாதியிலேயே விசில் ஊத வேண்டியதாயிற்று. ஆன்ஃபீல்டில் அப்படி நடக்காது. ஆனால் இந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு வாரமும் இந்தத் துக்கத்தோடுதான் உடை மாற்றும் அறைக்குள் வரப்போகிறார்கள். ஒருவர் பாஸைத் தவறவிட்டால் ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று இணையத்தில் கத்துவோம். நானும் கத்துவேனோ என்னவோ. நீங்கள் அவர்கள் பக்கம் நில்லுங்கள். இந்த விஷயத்தில் எவ்வளவு புள்ளி போனாலும் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை, கேட்டால் அவன் லிவர்பூல் ரசிகன் இல்லை.

ஆட்டக் கணக்கில் பார்த்தாலும் அவர் விட்டுப்போன இடம் சின்னது இல்லை. ஜனவரியில் ஃபாரஸ்டுக்கு எதிராகக் களத்தில் இறங்கி, முதல் முறை பந்தைத் தொட்டதே கோலானது நினைவிருக்கும். ஏப்ரலில் எவர்டனை வீழ்த்திய ஒரே கோல் அவருடையது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்தை மாற்றும் அந்த வேலையைச் செய்ய நூனியெஸும் இல்லை, டியாஸும் இல்லை. நுமோஹாவுக்கு இன்னும் 17 கூட ஆகவில்லை. பையன் பில்பாவோ ஆட்டத்தில் ஆடியதைப் பார்த்து ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவன் தோளில் இந்தச் சுமையை ஏற்றாதீர்கள்.

ஆகவே ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. நியூகாசில் ஸ்ட்ரைக்கர் ஐசக்குக்காக நாம் 11 கோடி பவுண்ட் தர முன்வந்தும் அவர்கள் மறுத்ததும் தெரியும். அவர் வந்தால் நானும் துள்ளிக் குதிப்பேன். ஆனால் ஐசக் வராவிட்டால் எக்கிடிகே இருக்கிறார், கக்போ இருக்கிறார், சலா இருக்கிறார், சமாளிக்கலாம். குஏஹி வராவிட்டால் சமாளிக்க ஆள் இல்லை. அவருக்கும் பேலஸில் ஒரே வருட ஒப்பந்தம்தான் பாக்கி. நியூகாசில் போல முரண்டு பிடிக்கும் நிலையில் பேலஸ் இல்லை. ஆட்டக்காரர்களை வாங்கும் பொறுப்பில் இருக்கும் ரிச்சர்ட் ஹியூஸிடம் ஐசக் ஃபைலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். செப்டம்பர் 1 இரவு 7 மணிக்கு டிரான்ஸ்ஃபர் கெடு. அதற்குள் 25-ம் தேதி நியூகாசில் மைதானத்தில் ஆட வேண்டும், 31-ம் தேதி ஆர்சனல் வருகிறார்கள். கடைசி நாளில் பேலஸின் கதவைத் தட்டினால் என்ன விலை சொல்வார்கள், விற்பார்களா என்பதே நிச்சயமில்லை.

கோல்கீப்பர் விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. கெல்லெஹர் போனது வருத்தம்தான், ஆனால் அலிசனுக்குப் பின்னால் மமர்தஷ்விலி இருப்பது எந்த அணிக்கும் கிடைக்காத வசதி.

இப்படிக்கு,
உங்கள் அணியின் ரசிகன்

பி.கு.: பாரிஸுடன் ஆன்ஃபீல்டில் பெனால்டியில் தோற்றோம், நூனியெஸும் ஜோன்ஸும் தவறவிட்டார்கள். வெம்ப்ளியில் மூன்று பேர்: சலா, மெக் அலிஸ்டர், எலியட். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் முன் ஆளுக்கு ஐந்து அடிக்கச் சொல்லுங்கள்.