ஸ்கேன் செய்தால் கம்பெனி முகவரிதான் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. போலி மருந்தைப் பிடிக்க நல்ல ஏற்பாடுதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் விதிப்படி அந்தக் கோடில் இருக்க வேண்டியது மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் இந்த மாதிரி விவரங்கள் மட்டுமே. மாத்திரையை எப்போது போடுவது, எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்று ஒரு வரி தேவையில்லையாம்!

எங்கள் அம்மா தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுமே தினமும் லட்சக்கணக்கானவர்கள் போடும் மாத்திரைகள், இதைச் சொல்லத்தானே அந்தக் கோடு உதவ வேண்டும்?

கடைசியில் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தில்தான் விளக்கமாகப் படித்தேன். எதற்கு இந்த மருந்து, எப்படிச் சாப்பிடுவது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேள்வி கேள்வியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள், விளம்பரமும் இல்லை. சிக்கல் என்னவென்றால் நம்மூர் பிராண்ட் பெயரை வைத்துக்கொண்டு அங்கே தேடிப் பயனில்லை, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) கண்ணைச் சுருக்கிப் படித்துப் போட வேண்டும், அப்புறம் அது இருப்பது ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். அம்மாவால் முடியுமா? இங்கே மருந்து விற்கும் தளங்களிலும் தகவல் உண்டு, ஆனால் பாதிப் பக்கத்தை 'வாங்குங்கள்' பட்டனே அடைத்துக்கொள்கிறது, விற்பவரே சொல்லும் அறிவுரையை எவ்வளவு நம்புவது என்றும் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டிக்குள் அந்தந்த நாட்டு மொழியில் நோயாளிக்கான விளக்கத்தாள் வைப்பது சட்டம். நமக்குத் தாள்கூட வேண்டாம், கோடுதான் ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஸ்கேன் செய்தால் தமிழில் ஒரு பக்கம் திறக்கட்டும். தைராய்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் தொடங்கலாம்.

இன்னொன்று, கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள், கோடு பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் மருந்துக்கடை பில்லிலும் அதை அச்சிடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்