சின்ன நாய்களின் கழுத்தில் ஷாக் காலர்: புதுச்சேரி கால்நடைத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடைப் பராமரிப்பு மற்றும் விலங்கு நலத் துறை,
புதுச்சேரி.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கிவிடும் தொழிலை லாஸ்பேட்டையில் செய்து வருகிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் பொமேரியன், ஷிட்சு, பக், டாஷ்ஹண்ட் போன்ற சின்ன இனங்கள். குரைப்பை நிறுத்துவதற்காக இவற்றின் கழுத்தில் மாட்டப்படும் மின்னதிர்ச்சிப் பட்டையை, அதாவது கடைகளில் ஷாக் காலர் என்று கேட்டு வாங்கப்படும் கருவியை, சில ஆண்டுகளாக அடிக்கடி பார்க்க நேர்கிறது. இதை மாட்டலாமா கூடாதா என்று வளர்ப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள். முடி வெட்டுகிறவர் சொல்லி முடிக்கிற விஷயம் அன்று இது. துறை வாய்திறந்து சொல்ல வேண்டியது. அதைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

துறைக்குத் தெரிந்ததுதான் என்றாலும், மற்ற வாசகர்களுக்காகக் கருவியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று பட்டையில் கோக்கப்பட்டிருக்கும்; அதன் உட்பக்கத்தில் இரண்டு உலோக முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவ்விரு முனைகளுக்கும் இடையே, நாயின் கழுத்துத் தோல் வழியாக மின்சாரம் பாய்கிறது. ரிமோட்டை அழுத்தினால் அதிர்ச்சி தருவது ஒரு வகை. நாய் குரைத்தவுடன் தானாகவே அதிர்ச்சி தருவது மற்றொரு வகை. இதில் தொண்டையின் அதிர்வையோ மைக்கில் விழும் ஒலியையோ கருவி உணர்ந்துகொள்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கும் உதவும் என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் விரும்பி வாங்குவது இந்த இரண்டாவது வகையைத்தான். விற்பவர்கள் தவறாமல் சொல்லும் உறுதிமொழி ஒன்றுண்டு: "வலிக்காது சார், லேசாச் சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்." வலிக்காத ஒன்றுக்குப் பயந்து எந்த நாயும் குரைப்பை நிறுத்தாது என்பதை அவர்களும் அறிவார்கள்.

நான் நேரில் காண்பதைச் சொல்கிறேன். பொமேரியனுக்கு மேல்முடி நீளம், அடிமுடி அடர்த்தி. முனைகள் தோலைத் தொட்டால்தான் கருவி வேலை செய்யும் என்பதால் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். சாதாரணப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இந்தப் பட்டையில் பல நேரம் ஒரு விரல்கூட நுழைவதில்லை. கழற்றி முடியை விலக்கினால், கழுத்தின் அடிப்பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் இரண்டு வட்டப் புண்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். சுற்றிலும் முடி உதிர்ந்து, தோல் ஈரம் கசிந்து, வாடை அடிக்கும். மின்சாரம் சுட்டதால் வந்த புண் என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில் இது முனைகள் மணிக்கணக்கில் ஒரே இடத்தை அழுத்துவதால் வருவது. இந்தக் குழப்பத்தால், அதிர்ச்சியின் அளவைக் குறைத்து வைத்துவிட்டு, பட்டையை மட்டும் காலையிலிருந்து இரவு வரை கழற்றாமல் விட்டுவிடுகிறார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் கையேடுகளே ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் மாட்டாதீர்கள், இடையிடையே இடம் மாற்றிவிடுங்கள், தோலைப் பாருங்கள் என்று எச்சரிக்கின்றன. நம் ஊரில் விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் கையேடே இருப்பதில்லை. இருந்தாலும் அது தமிழில் இருப்பதில்லை. கடற்காற்றின் ஈரத்தில் அடிமுடி எளிதில் காயாத புதுச்சேரியில், அழுத்தப் புண் சீழ் பிடிக்க அதிக நாள் ஆவதில்லை.

சின்ன இனங்களுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. பொமேரியன், சிவாவா போன்றவற்றில் மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழாய் தட்டையாகிப்போகும் நோய் மற்ற இனங்களைவிட அதிகம். வறட்டு இருமலோடு வரும் அத்தகைய நாய்களுக்குக் கழுத்தில் பட்டையே வேண்டாம், மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையைப் பயன்படுத்துங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கழுத்தில்தான் இந்தப் பெட்டியை இறுக்கிக் கட்டுகிறோம். மூக்கு அமுங்கிய பக் நாய் மே மாதத்து வெயிலில் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும். அதைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை.

உடலில் தெரியும் புண்ணை மருந்து போட்டு ஆற்றிவிடலாம். எனக்குப் பெரிய கவலை வேறு. நாய் ஏன் குரைக்கிறது என்ற கேள்வியே இக்கருவியால் எழாமல் போய்விடுகிறது. அழைப்புமணி கேட்டுக் குரைப்பதும், நாள் முழுவதும் தனியே பூட்டி வைக்கப்பட்டதால் குரைப்பதும், வயதாகிக் காதும் கண்ணும் மங்கிய குழப்பத்தில் நள்ளிரவில் குரைப்பதும், உடம்பில் எங்கோ வலிப்பதால் குரைப்பதும், தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு குரைப்பதும் வேறு வேறு காரியங்கள். பெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். ஏற்கெனவே பயத்தில் நடுங்கும் நாய்க்கு, பயந்ததற்காகவே தண்டனை கிடைக்கிறது. மைக் பொருத்திய மலிவு மாதிரிகளில், தெருநாயோ அடுத்த வீட்டு நாயோ குரைத்தாலும் இந்த நாய்க்கு அதிர்ச்சி விழக்கூடும்.

இப்படிக் காரணம் தெரியாமல் விழும் அதிர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஜெர்மனியில் பீகிள் நாய்களை வைத்து நடத்தி 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், தான் எதைச் செய்ததால் வலி வந்தது என்பதை ஊகிக்க முடியாமல் அதிர்ச்சி பெற்ற நாய்களிடம்தான் கார்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு மிக அதிகமாக உயர்ந்தது. நெதர்லாந்தில் காவல் பணிக்கான நாய்களைக் கவனித்து 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஷாக் காலரால் பழக்கப்பட்டவை பயிற்சித் திடலுக்கு வெளியே, பூங்காவில் உலாவும்போதுகூட மற்ற நாய்களைவிட அதிகப் பதற்றத்தைக் காட்டின. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்குவதைவிட மின்னதிர்ச்சியால் கூடுதல் பயன் ஏதும் கிடைக்கவில்லை என்று 2014-இல் தெரிவித்தது. மறுதரப்பையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஓடும் பொருளைத் துரத்தும் பழக்கத்தை ஷாக் காலர் விரைவாக நிறுத்தியது; தின்பண்டம் கொடுத்த முறை அதே கால அளவில் நிறுத்தவில்லை. ஆட்டு மந்தையைத் துரத்தும் நாயைப் பற்றிய விவாதத்தில் அந்த முடிவுக்கு இடமுண்டு. ரெட்டியார்பாளையத்தில் இரண்டாவது மாடியில் சோபாவில் படுத்திருக்கும் ஷிட்சுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு ஆபத்து குழந்தைகளைப் பற்றியது. பக்கத்து வீட்டுச் சிறுவனைப் பார்த்து நாய் குரைக்கிறது. அந்தக் கணம் கழுத்தில் வலி பாய்கிறது. குரைத்ததால் வலித்தது என்று நாய் புரிந்துகொள்ளும் என்பது நம் எதிர்பார்ப்பு. அந்தச் சிறுவன் வந்தால் வலிக்கும் என்று அது புரிந்துகொள்ளவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகு குரைக்காமலேயே நேராகக் கடிக்கும் நாயை யாரும் விரும்பமாட்டோம்.

இவற்றை வாங்குபவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நாய்க்குத் தனி மின்விசிறி ஓட விடுகிறவர்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "நாயை எங்கேயாவது விடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்ற பேச்சைக் கேட்டவர்கள் அவர்கள். வேறு வழி தெரியாமல் கருவியை வாங்குகிறார்கள். குரைப்பது நாயின் இயல்பான வெளிப்பாடு, மனிதர்களோடு நாய்கள் வாழ வேண்டுமானால் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதே சமயம் ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்தாரைப் பாதிக்காமல் வளர்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் இரு தரப்புக்கும் சொல்லியிருக்கிறது. குடியிருப்போர் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் அந்த வழிகாட்டுதல் ஒட்டப்பட்டிருப்பதை நான் பார்த்ததில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவரின் பொமேரியன், பால்கனி கம்பிகளுக்கிடையே தெருவைப் பார்த்தபடி, போகிற வருகிற எல்லாவற்றையும் பார்த்து நாள் முழுக்கக் குரைத்துக்கொண்டிருந்தது. செடிகளுக்குக் கட்டும் பச்சை நிழல்வலையை வாங்கி, கம்பிகளின் அடிப்பகுதியில் நாயின் கண்மட்டத்துக்கு மேல் வரை கட்டிவிட்டார்கள். தெரு மறைந்ததும் குரைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. அழைப்புமணிக்குக் குரைக்கும் நாயை, மணி அடித்தவுடன் தன் பாயில் போய் உட்கார்ந்தால் கோழித்துண்டு கிடைக்கும் என்று பழக்கலாம். இதற்குப் பொறுமையும், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பதும் தேவை. பிரிவைத் தாங்காமல் கத்தும் நாய்க்கும், முதுமைக் குழப்பத்தில் கத்தும் நாய்க்கும் மருத்துவர்தான் வழிசொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 11(1)(அ) பிரிவில், ஒரு விலங்குக்குத் தேவையற்ற வலியோ துன்பமோ ஏற்படும்படி நடத்துவதைக் குற்றமாக்குகிறது. ஷாக் காலரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வேட்டை நாய்களுக்கென்று அமெரிக்காவில் இக்கருவி சந்தைக்கு வந்ததே 1960-களின் பிற்பகுதியில்தான். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் மற்றப் பகுதிகளைப் பற்றி நம் மக்களுக்கு எவ்வளவு மனக்குறை இருந்தாலும், அச்சத்திலிருந்தும் வேதனையிலிருந்தும் விடுபட்டிருப்பதை விலங்குகளுக்கு உரிய ஐந்து சுதந்திரங்களுள் ஒன்றாக அத்தீர்ப்பு எடுத்துரைத்ததை மறுக்க முடியாது. வேல்ஸ் 2010-லேயே நாய், பூனைகளுக்கு இக்கருவியைத் தடைசெய்துவிட்டது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தடை உள்ளது. புதுச்சேரிக்கு நெருக்கமான பிரான்சில், நாடாளுமன்றத்தின் கீழவை 2023 ஜனவரியில் தடை மசோதா ஒன்றை நிறைவேற்றியது.

முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை மட்டுமே அபராதம் விதிக்கும் சட்டத்தை வைத்து வளர்ப்பவர்கள் மீது வழக்குப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதனால் பகை வளருமே தவிர, பட்டை கழறாது. நான் கேட்பது துறையின் ஒரு சுற்றறிக்கை. மின்னதிர்ச்சிப் பட்டையால் நாய்க்கு ஏற்படும் வலி மேற்சொன்ன பிரிவின்படி தேவையற்ற வலியே என்று துறை கருதுவதை அது எளிய தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு சின்ன நாயின் கழுத்தையும் முடியை விலக்கிப் பார்த்து, புண் இருந்தால் வீட்டாரைக் கடிந்துகொள்ளாமல் விளக்கிச் சொல்லுமாறு அரசு கால்நடை மருந்தகங்களை அது அறிவுறுத்த வேண்டும். இரண்டு விரலால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவுச் சான்றிதழ் கட்டாயம். பதிவுக்காக ஆய்வு நடக்கும்போது, இக்கருவியை விற்க வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்படாத பெட்டிகளைப் பற்றிச் சட்டமுறை எடையளவுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால், மலிவுச் சரக்கில் ஒரு பகுதி தானாகவே குறையும். இணையத்தில் வாங்குவதைப் புதுச்சேரி அரசால் தடுக்க முடியாது என்பதை அறிவேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விதி செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதால், இக்கருவிக்கென்று தனி விதி வேண்டும் என்று இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் மத்திய அரசுக்கும் துறை பரிந்துரைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குரும்பாபேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில், நாயின் நடத்தைச் சிக்கல்களுக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலையாவது ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குரைக்கும் நாயோடு எங்கே போவது என்று தெரியாததால்தான் மக்கள் இணையக் கடைக்குப் போகிறார்கள். இப்படியொரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால், என்னைப் போன்று இத்தொழிலில் இருப்பவர்கள் முதல் வேலையாக அங்கே அனுப்பிவைப்போம். சுற்றறிக்கையின் படியைக் கடையில் ஒட்டி வைக்கவும், வருபவர்களுக்குப் படித்துக் காட்டவும் நான் தயாராக இருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இக்கருவியைப் பற்றிய விசாரிப்பு என்னிடம் அதிகமாகும். அதற்குள் சுற்றறிக்கை வெளிவருமானால், இந்த ஆண்டே சில கழுத்துகள் தப்பும். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நாய்ப் பராமரிப்புத் தொழில் செய்யும் ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.