வாங்கும் முன் ஒரு வருடம் வாடகைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்துக்குள் வீடு வாங்க முடியாதவர்கள் தயங்காமல் புறநகருக்குப் போகலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரோடு எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. நானே 11 வருடமாகப் புறநகரில்தான் இருக்கிறேன், சொந்த வீடுதான். ஆனால் புறநகரில் வாழ்வதையும் புறநகரில் வாங்குவதையும் அவர் ஒரே காரியமாகப் பேசியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு என்று எனக்குப் புரியவே நாலு வருடம் ஆனது. அங்கே ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு அப்புறம் வாங்கியிருந்தால், இதே பகுதியில்தான் வாங்கியிருப்பேன்; ஆனால் வேறு தெருவில். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டுமான நிறுவனத்தின் ஆள்தான் காரில் அழைத்துப் போனார். “இங்கேயிருந்து உங்க ஆபீஸ் 25 நிமிஷம்தான் சார்” என்றார். திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சரியாக 25 நிமிடம். மனுஷன் பொய் சொல்லவில்லை. குடிவந்த பிறகு திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் கிளம்பினேன். அதே சாலை, அதே தூரம், 70 நிமிடம்.

ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடுதல் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் 375 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 47 நாள் வருகிறது. வருடத்தில் 47 நாள் யாருக்கோ சம்பளமில்லாமல் வேலை பார்த்த கணக்கு. விலைப்பட்டியலில் கார் நிறுத்தக் கட்டணம் வரை எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை.

போக்குவரத்துக்காக மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். அவருக்கு முன்பே யாகோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் இதைக் கவனித்திருந்தார். நடந்து போன காலத்தில் நகரம் சின்னதாக இருந்தது. ரயிலும் பேருந்தும் காரும் வந்தபோது அதே ஒரு மணி நேரத்தில் தூரமாகப் போக முடிந்தது, நகரமும் விரிந்தது. புறநகர் பிறந்ததே அப்படித்தான். ஆனால் சாலை நிரம்பிய பிறகு வேகம் குறைகிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் கணக்கில் ஒரு மணி நேரம் இரண்டு மணி 20 நிமிடமாகிவிட்டது. புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனிக் குடும்பங்களின் தரவுகளை வைத்து ஆராய்ந்தபோது, வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக்கூட மக்களின் மனநிறைவு குறைவதைப் பார்த்தார்கள். குறைந்த விலை வீடோ நல்ல சம்பளமோ அதை ஈடுகட்டவில்லையாம். இதைச் சொன்னபோது என் மனைவி, “இதுக்கு எதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணும்? ராத்திரி எட்டரைக்கு உங்க முகத்தைப் பார்த்தாலே போதுமே” என்றாள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். “வாடகை கொடுப்பது தண்டம், அதையே தவணையாகக் கட்டினால் வீடு நமதாகும்” என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என் மாமனாரும் இதையேதான் சொன்னார். எல்லா மாமனார்களும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். உதாரணத்துக்கு 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். நாலு வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டியபிறகு அசலில் குறைந்திருப்பது 9 சதவீதம்கூட இல்லை. அசலில் பாதி கரைய 14 வருடம் ஆகும். வட்டி மாறக்கூடிய கடனாக இருந்து, எடுத்த கையோடு அது 9இலிருந்து 10 ஆனால், தவணைத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டுவார்கள். 20 வருடம் 26 வருடமாகும். வாடகை தண்டம் என்றால் முதல் சில வருடத் தவணையின் பெரும்பகுதிக்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். வாடகைக்காரர் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தவணைக்காரர் கிளம்ப முடியாது.

கிளம்பிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாலாவது வருடம் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குள் வாடகைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் அதே நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த அடுத்த வரிசையில் முன்பணம் கட்டினார்கள். புது வீடு, புதுச் சாயம், கடனுக்கும் அவர்களே ஏற்பாடு. என்னிடம் இருந்ததோ நாலு வருடப் பழைய வீடும் சுவரில் என் பையன் வரைந்த ரயிலும்தான். சுற்றிலும் காலி மனை இருக்கும்வரை புறநகரில் பழைய வீட்டின் விலை லேசில் ஏறாது. ஒவ்வொரு புதுக் கட்டடமும் அதற்குப் போட்டி. ஏறுவது மண்ணின் விலை. அடுக்குமாடியில் அந்த மண்ணில் நம் பங்கு எத்தனை சதுர அடி என்று நான் பத்திரத்தில் தேடிப் பார்த்ததே அப்போதுதான். வெட்கமாக இருந்தது.

அப்புறம் மழை. நாங்கள் வாங்கியது கோடையில். தெரு அழகாக, அகலமாக, காய்ந்து கிடந்தது. முதல் பெருமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதுதான் இரண்டு தெரு தள்ளி நிலம் மேடு என்பதும், அந்த மேட்டுத் தண்ணீரெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது என்பதும் தெரிந்தது. பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, இப்போது என் வாசல்படி சாலையைவிட ஒரு படி கீழே இருக்கிறது. இதை எந்த வக்கீலும் பத்திரத்தைப் படித்துச் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் அங்கே குடியிருந்த பால்காரப் பையன் சொல்லிவிடுவான்.

வாடகைக்கு ஒரு வருடம் இருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கோடையில் குழாயில் எத்தனை மணி வரை தண்ணீர் வருகிறது, கடைசிப் பேருந்து நிஜமாகவே வருகிறதா அல்லது அட்டவணையில் மட்டும் வருகிறதா, குழந்தைக்கு நடுராத்திரி காய்ச்சல் என்றால் எங்கே ஓடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது, எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். செலவும் தெரியும். அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையம் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. எங்கள் வீட்டில் முதல் வருடமே இரண்டாவது வண்டி வாங்கவேண்டி வந்தது. தவணை, இரண்டு வண்டிக்கும் எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த இரவு நான் கால்குலேட்டரை இரண்டு முறை அழித்துப் போட்டேன்.

ஒரு வருடம் காத்திருந்தால் விலை ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். சில இடங்களில் நன்றாகவே ஏறும், குறிப்பாக ரயில் பாதை உறுதியாகி வேலையும் தொடங்கிவிட்ட இடங்களில். அந்த நஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. இரண்டு தடவை வீடு மாற்றும் அலைச்சலும் உண்டு. ஆனால் புறநகரில் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் வாடகை குறைவாகவே இருக்கும். ஒரு வருட வாடகையையும், தப்பான தெருவில் 20 வருடக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு புலம்பியும் ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டால், விற்க முடியவில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதி எங்கள் தெரு ஆட்கள். நாங்கள் வந்தபோது மொத்தம் ஒன்பது குடும்பம். கடை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. அதனாலேயே ஒருவரை ஒருவர் நம்பித்தான் இருந்தோம். மின்சாரம் போனால் எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்து விடுவோம். என் மகள் சைக்கிள் ஓட்டப் பழகியது அந்தக் காலித் தெருவில்தான். நகரத்தில் நாங்கள் இருந்த வீட்டில் சைக்கிளை நிறுத்தக்கூட இடமில்லை. இதையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் எனக்குக் காட்டவில்லை. குடியிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் எதிர்வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். வந்த இரண்டாவது மாதமே, “அங்கிள், இந்த வீட்டையே விலைக்குக் கேட்கலாமான்னு பார்க்கிறோம்” என்றார்கள். மழை முடியட்டும் தம்பி என்று மட்டும் சொன்னேன். மழை வந்தது. அவர்களும் எங்களோடு சேர்ந்து வாளியால் தண்ணீர் இறைத்தார்கள். இப்போது வீடு பார்க்கிறார்கள், இதே பகுதியில்தான். இரண்டு தெரு தள்ளி, மேட்டில்.

இப்படிக்கு,
ஒரு புறநகர் வாசகன்