பழைய நாவலைக் கொடுக்கும்போது கருத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிக்கிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்று பல வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான், தமிழ்வழிப் பள்ளிக்கூடமும் உண்டு, படிக்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல தமிழ் நாவல் ஒன்று வேண்டுமென்றால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அப்படி உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து வந்த ஒரே ஒரு பிரதி எங்கள் தெருவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942-இல் வந்த நாவல். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள், தனக்குச் சேர வேண்டிய நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள், ஊரில் கெட்டியப்பன் என்று ஒருவன் அதைத் தூண்டிவிடுகிறான். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். கொங்கு நாட்டுப் பேச்சு அப்படியே இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது யாரோ தூரத்து மனிதர்களின் கதையாகத் தெரியவில்லை.

புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு பழைய கவர் ஒட்டியிருக்கிறோம். படித்து முடித்தவர் தனக்குப் பட்டதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதில் போட வேண்டும், எழுதி முடிக்கும் வரை மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கக்கூடாது. முதலில் எல்லாரும் ஒரே தாளில்தான் எழுதினார்கள், அப்போது முன்னால் எழுதியவரின் கருத்தையே அடுத்தவரும் கொஞ்சம் மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். தனித்தாள் ஆன பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது. தையல் கடை அக்கா, "கெட்டியப்பன் பேச்சைக் கேட்டு ஆடினாள் என்கிறார்கள், அவன் சொல்லாவிட்டாலும் அது அவள் பங்குதானே" என்று எழுதியிருந்தார். ரிட்டயரான கண்டக்டர் மாமா, வெயிலில் நின்று பாடுபட்டது சின்னப்பன், கூட்டாக இருந்திருந்தால் எல்லாருக்கும் சோறு கிடைத்திருக்கும் என்று எழுதினார். சின்னப்பன் மனைவி ராமாயியைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று ஒரு தாள், அதில் பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, நாகம்மாள் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்டு எழுதினாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் ஒருவர் அதற்கென்றே உட்கார்ந்து பதில் எழுதினார். விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு உண்டு என்று 1937-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-இல்தான் என்று. அதைப் படித்த பிறகு அந்தப் பெண் நாவலை மறுபடி வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் நானும் நாகம்மாளை வெறும் பிடிவாதக்காரியாகத்தான் நினைத்திருப்பேன்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் மலையாள வழியில் படித்த பிள்ளைகள் நிறைய, தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து வராது. அப்படி ஒரு வீட்டில் மாமியார் ராத்திரி வாசிக்க மருமகள் கேட்டிருக்கிறாள். அவள் போட்ட தாளில் இருப்பது மலையாள எழுத்து, வாசித்தால் முழுக்க எங்கள் ஊர்த் தமிழ். கவரில் இருப்பதிலேயே நீளமான தாள் அதுதான்.

முன்பு அந்தப் பிரதியை வைத்திருந்தவர் ஒரு பக்கத்து ஓரத்தில் பென்சிலால் "பாவம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். யார் பாவம், சின்னப்பனா நாகம்மாளா என்று அதற்கும் ஒரு விவாதம் நடந்தது. ஒருவர் புத்தகம் சுத்தமாக இருக்கட்டும் என்று ரப்பரை எடுத்துவிட்டார், நல்லவேளையாகத் தடுத்தோம். படித்தவர் விட்டுப்போன தடத்தை அழிப்பது எனக்குச் சம்மதமில்லை. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் தினம் வந்து விழுகிறது, யார் படித்தார், என்ன நினைத்தார் என்று எதுவும் தெரிவதில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தவர் எதிரே வரும்போது "படிச்சாச்சா?" என்று கேட்பார், அதற்காகவாவது படித்துவிடுகிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கேரளத்தில் நூலக இயக்கம் சாதாரணமானதல்ல, 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கியது. அவர் நினைவு நாளான ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள், ஜூலை 7 வரை ஊர் ஊராகக் கூட்டம் நடக்கும். எல்லையோர நூலகங்கள் அந்த நாட்களில் ஒரு மாலையைத் தமிழ் நாவலுக்கு ஒதுக்கினால் என்ன? பெரிய பேச்சாளர் யாரும் வேண்டாம், ஒரு பழைய பிரதியும் அதைப் படித்த நாலு பேரும் போதும்.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை சின்னதாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள். தன்னிடம் இருக்கும் பழைய நாவல் எது, அது பற்றித் தனக்குத் தோன்றியது என்ன, அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாரா என்று வாசகர்கள் பத்து வரி எழுதட்டும். வெறும் பாராட்டு வேண்டாம், பிடிக்காததையும் எழுதச் சொல்லுங்கள். தொடங்குவதாக இருந்தால் எங்கள் கவரில் இருக்கும் தாள்களைப் படியெடுத்து முதலில் நாங்கள் அனுப்புகிறோம். மலையாள எழுத்தில் இருப்பதை நானே தமிழில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.