கடலை விட்டுத் தெருவுக்குள் படகு கொண்டுவந்தவர்களுக்கு

குப்பங்களிலிருந்து வந்த மீனவ அண்ணன்மார்களே, மின்வாரிய, தூய்மைப் பணித் தோழர்களே,

அடையாற்றங்கரைத் தெருக்காரர்களின் வணக்கம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரமெல்லாம் ஆறாகிவிட்டன. லாரியில் படகை ஏற்றிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். அதைத் துணிச்சல் என்று எல்லோரும் பாராட்டியாயிற்று. உங்கள் தொழில் நுணுக்கத்தை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

கடலில் ஓடும் படகுக்குத் தெரு ஆகாது. தண்ணீருக்கடியில் கார் கூரை, கேட்டின் ஈட்டி முனை, கண்ணாடிச் சில்லு பதித்த மதில். படகின் ஃபைபர் உடலைக் கிழிக்க ஒரு சில்லு போதும். துணியும் கேபிள் வயரும் இன்ஜின் விசிறியில் சுற்றும். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் வாயைப் பிளாஸ்டிக் பை அடைத்தால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். அதனால்தான் சந்துக்குள் இன்ஜினைத் தூக்கிவிட்டு, மார்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ளினீர்கள். ஒருவர் முன்னால் மூங்கில் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார், மூடி திறந்த மேன்ஹோல் இருக்கிறதா என்று. வீட்டை நெருங்கும்போது நீரோட்டத்தை எதிர்த்தே வந்தீர்கள். ஓட்டத்தோடு வந்தால் படகு நிற்காது, சுவரில் மோதும். பால்கனியிலிருந்து நாலு பேர் ஒரே பக்கம் குதித்தால் கவிழும். "ஒருத்தர் ஒருத்தரா, உக்காந்துக்கோங்க, பாட்டி நடுவுல" என்ற அதட்டலுக்குத் தனி நன்றி.

மின்வாரியத்தாரை அன்று திட்டாதவர் யார்? தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் நனைந்திருக்க, அதைத் திறந்து, சேற்றைக் கழுவி, உலர்த்தி, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவி வைத்து இன்சுலேஷன் பார்க்காமல் ஃபியூஸ் போட்டிருந்தால் தெருத் தண்ணீரில் நின்றவர் பிழைத்திருக்க மாட்டார். நாங்கள் கத்தித் தீர்த்த அந்தக் கால தாமதமே எங்கள் பாதுகாப்பு.

தூய்மைப் பணியாளர்கள் அள்ளியதில் பாதி, நிவாரணம் என்ற பெயரில் வந்து நடைபாதையில் குவிந்த பழந்துணி. (அனுப்பியவர்களுக்கு இங்கே நன்றி இல்லை.) தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைக் காலிசெய்து கழுவிய பிறகே 1,000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர், அதுவும் வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும் என்று வீடுவீடாகச் சொன்ன சுகாதாரப் பணியாளர்களையும் மறக்கவில்லை. அதைக் கேட்காமல், வாளியின் அடியில் தங்கிய பவுடரின் சுண்ணாம்பு வண்டலோடு கொட்டிய வீடுகளும் உண்டு.

கிழிந்த படகுக்கு ஃபைபர் மேட், ரெசின், பழுதான இன்ஜின், எரிபொருள்: இவற்றைக் கைதட்டல் ஈடுகட்டாது. பில்லைக் கொண்டுவாருங்கள், தெருவே பகிர்ந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வோர் அக்டோபரிலும் தெரு வரைபடம் ஒன்று உங்கள் கைக்கு வரும்: மேன்ஹோல்கள், பில்லர் பாக்ஸ்கள், எந்த வீட்டில் எந்த மாடியில் படுக்கையில் இருப்பவர் என்று குறித்து. மதில் மேலிருக்கும் சில்லுகளை உளியால் கொத்தி எடுக்க ஆள் சொல்லியாயிற்று.

அன்புடன்,
அடையாற்றங்கரைத் தெருவாசிகள், சென்னை