மின்னஞ்சலில் லிங்க் அனுப்பாதீர்கள்: எங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தங்கள் பெயரில் வந்த போலி மின்னஞ்சல் ஒன்றால் என் தந்தையாரின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் பறிபோனது குறித்த புகாரும், அன்றிரவே இணையக் குற்ற உதவி எண்ணான 1930இல் பதிந்த விவரமும், தாங்கள் அனுப்பிய இரண்டு வரிப் பதிலும் தங்கள் கோப்பில் உள்ளன. கிளையில் அவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: "யார் அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டாமா சார்?"

அவர் பார்த்தார். 36 ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய ஆசிரியர் அவர். அந்த மடலில் எழுத்துப்பிழை இல்லை. தங்கள் சின்னமும், அனுப்புநர் இடத்தில் தங்கள் பெயரும், இன்று மாலைக்குள் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்ற எச்சரிக்கையும், அதன்கீழ் ஒரு நீலப் பொத்தானும் இருந்தன. அழுத்தியதும் திறந்த பக்கம், தங்கள் பக்கத்தைப் போலவே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஓடிபியையும் கேட்டது.

கைப்பேசியில் அனுப்புநர் பெயரைத் தொட்டால்தான் உண்மையான முகவரி தெரியும் என்று பிறகு அவருக்குக் காட்டினேன். அது தங்கள் முகவரி அன்று. ஆனால் முந்தைய வாரம் தாங்களே அனுப்பிய தனிநபர் கடன் விளம்பரமும் ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அதே போன்ற பொத்தானோடுதான் வந்திருந்தது. "இதில் எது பொய் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கிறதா?

வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி அது. தங்கள் தளம் மாறிவிட்டது, மின்னஞ்சல்கள் மாறவில்லை. எல்லா மடல்களும் அங்கிருந்தே வந்தால், என் தந்தையார் போன்றோர் முகவரியின் முடிவை மட்டும் பார்க்கப் பழகினால் போதும்.

கவனக்குறைவாக ரகசிய விவரங்களைப் பகிர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையதே என்ற ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் தாங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தும் பழக்கத்தை மாதந்தோறும் ஊட்டியவர்கள் யார்? விழிப்பாயிருங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, பொறுப்பு முழுவதையும் எழுபது வயதைக் கடந்தவர்களின் கண்பார்வைமீது சுமத்துவது எந்த வகையில் நியாயம்?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: எந்த மின்னஞ்சலிலும் லிங்க் வைக்காதீர்கள், செயலியையோ தளத்தையோ தாமே திறந்து பார்க்கும்படி மட்டும் எழுதுங்கள்.

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். தங்கள் பெயரில் வரும் மின்னஞ்சல் எதையும் அப்பா இப்போது திறப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்