ரொறன்ரோவுக்கு ஒரு பதில்

கொழும்பு 06

அன்பின் குமரன்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் இடையில் நிறுத்த விடாதே.

இனி உன் சண்டைக்கு வருவோம். "இணையத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்பவன் எல்லாம் பெரிய கம்பனிகளின் ஆள்" என்று எழுதியிருக்கிறாய். மச்சான், இணையத்துக்குப் புதிய சட்டங்கள் வேண்டும் என்று 2019 மார்ச்சில் பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கேட்டவர் யார் தெரியுமா? முகநூல் முதலாளி மார்க் சக்கர்பேர்க். அவர் ஏன் பயப்பட வேண்டும்? சட்டத்தரணி, புகார் வாங்கும் ஆள், பதிவேடு என்று வரும் அடிச்செலவு, பத்தாயிரம் பேர் பாவிக்கும் தளத்துக்கும் உண்டு, பத்துக் கோடிப் பேர் பாவிக்கும் தளத்துக்கும் உண்டு. பெரியவனுக்கு அது சில்லறை. சின்னவனுக்கு அதுவே கைமுதல்.

எங்கள் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையே எடு. 2024 பெப்ரவரி 1 சபாநாயகர் கையெழுத்திட்டது. ஐந்து பேர் ஆணைக்குழு. தடைசெய்யப்பட்ட கூற்றை நீக்கு என்று அறிவித்தல் வந்தால் 24 மணி நேரக் கெடு. வெள்ளவத்தையில் இரண்டு அறையில் நடக்கும் வாடகை வீட்டு விளம்பரத் தளம் ஒன்று, கீழே கருத்துப் பெட்டியோடு, இதற்கு எப்படி அடங்கும்? ஞாயிறு, போயா விடுமுறை பார்க்காமல் ஆள் இருக்க வேண்டும். ஒருவரின் வேலை வாரம் 45 மணி, அதற்குள் ஏழு நாளும் அடங்காது. ஆகவே குறைந்தது இரண்டு பேர், அதுவும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் குத்தலையும் பகிடியையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள். எது பொய், எது அபிப்பிராயம் என்று கேட்க லோயர் வேறு. கடைசியில் முதலாளி என்ன செய்வான்? கருத்துப் பெட்டியையே கழற்றிவிடுவான். தடைசெய்யப்பட்ட கூற்றோடு, வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்ற உண்மைப் புகாரும் போய்விடும்.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 நடைமுறைக்கு வந்தது. கூகுள் பிளேயில் 41 லட்சம் செயலிகளை எடுத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், மூன்றில் ஒரு பங்கு வெளியேறியதையும் புதிதாக வருபவை பாதியாகக் குறைந்ததையும் கண்டார்கள். போனவற்றில் குப்பையும் இருந்திருக்கும், அதற்கு அழ வேண்டாம். வராமலே நின்றுபோன பாதியில் என்ன இருந்தது என்று எந்தக் கணக்காய்விலும் தெரியாது.

உன் ஊரிலேயே பார். பெரிய தளங்கள் செய்திக்காகப் பத்திரிகைகளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜூனில் கனடா சட்டம் போட்டது. முகநூலின் தாய்க் கம்பனி மெட்டா கொடுக்கவில்லை, ஓகஸ்டில் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்தியது. கூகுள் வருடம் 10 கோடி கனேடிய டொலரில் பேசி முடித்தது. தன் பெயரைத் தேடி வரும் வாசகர் உள்ள பெரிய பத்திரிகை தாங்கும். முகநூல் பகிர்வை நம்பியிருந்த ஸ்காபரோ தமிழ்ச் செய்திப் பக்கம் தாங்குமா?

இங்கே சிம் கதையும் அதுதான். 2009 ஜனவரியில் ஐந்தாவது கம்பனியாக எயார்டெல் வந்ததும் அழைப்புக் கட்டணம் மளமளவென்று விழுந்தது. 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அடிவிலை வைத்தது. பிந்தி வந்தவனிடம் இருந்த ஒரே ஆயுதம் மலிவு. 2018இல் ஹட்ச், எடிசலாட்டை வாங்கியது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது மூன்றே பேர். பழி முழுவதையும் அடிவிலையில் போட மாட்டேன். கோபுரச் செலவும் 2022இல் ரூபா விழுந்ததும் சேர்ந்துதான் அடித்தன.

எல்லாவற்றையும் சந்தையிடம் விடு என்கிற என் போன்ற சந்தைக்காரர் சறுக்கும் இடமும் இருக்கிறது. பெரிய வலையமைப்பு, புதியவனின் அழைப்பை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், எவ்வளவு மலிவாக விற்றாலும் அந்த சிம் வெறும் பிளாஸ்டிக். அங்கே விதி வேண்டும், நான் விட்டுக்கொடுக்கிறேன். அலைவரிசையை விற்கலாம் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1959இலேயே எழுதினார்; அமெரிக்கா 1994இல்தான் ஏலம் தொடங்கியது. ஏலத்துக்குப் பிறகும், அடுத்தவனின் அலைவரிசைக்குள் இரைச்சல் போடுபவனைப் பிடிக்க ஒருவர் தேவைதான்.

ஆனால் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில், கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது, வெறுப்புப் பேச்சைத் தடுக்க என்று முகநூலையும் வட்ஸ்அப்பையும் மூடினார்கள். அப்போது நீயும் சரி என்றிருப்பாய். 2022 ஏப்ரல் 3, ஜனாதிபதிக்கு எதிராகச் சனம் தெருவுக்கு வரப்போன நாளில், அதே ஆளியை மறுபடி தட்டினார்கள். சனம் தடையைச் சுற்றிப் போக வீபிஎன் போட்டது, அன்றே திறக்க வேண்டி வந்தது. முதல் தடவைக்கு மட்டும் வேலை செய்து, இரண்டாம் தடவைக்கு வேலை செய்யாத ஆளியை எப்படிச் சட்டத்தில் எழுதுவாய்? பந்தி பந்தியாக வேண்டாம், வாசகமாகவே எழுதி அனுப்பு.

அன்புடன்,
சிவா